பொறியாளர் கித்தேரியம்மாள் கட்டிய சாம்பல் பாலம்

தலைமையேற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் இருக்கும் பொறியாளர் நண்பர்களே, கொட்டுகிற மழையிலும் கூக்காலில் இருந்தும் பெரும்பாறையில் இருந்தும் பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் கந்தவேலின் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் குடும்பத்தாருக்கென்று முன்னால் போட்ட நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பொறியாளர் செல்வி கித்தேரியம்மாள் அவர்களுக்கு உறவென்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை. முப்பது ஆண்டுகள் அவரோடு வேலை பார்த்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். என்ன பேசுவேன்? எங்கே தொடங்குவேன்?

கூக்கால் பாதையில் ஓடைமேல் இருந்த பழைய பாலம் இடிந்த நாளில் தொடங்குகிறேன். பூண்டு மூட்டைகளோடு போன வண்டி ஓடையில் விழுந்தது. வண்டியில் இருந்த ராமர் திரும்பி வரவில்லை. புதுப்பாலம் கட்டும் பொறுப்பு நம் அம்மையாரிடம் வந்தது. உடைந்து கிடந்த கான்கிரீட்டைப் புரட்டிப் பார்த்தார். உள்ளே கம்பி துருப்பிடித்து, பொருமி, கான்கிரீட்டையே பிளந்திருந்தது. ஆண்டெல்லாம் மழை பொழிந்து மூடுபனி படியும் மலையல்லவா இது? ஈரம் உள்ளே நுழையாமல் தடுத்தால்தான் பாலம் நிற்கும் என்றார். சிமென்ட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக, அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் சாம்பலையும், இரும்பு ஆலையில் ஒதுக்கும் கசடை அரைத்த தூளையும் சேர்க்க முடிவெடுத்தார்.

சாம்பல் மூட்டைகள் வந்து இறங்கிய அன்று ஊரே திரண்டது. ராமரின் மனைவி சின்னத்தாயி முன்னால் வந்து நின்றார்.

"எம் புருசன ஒரு பாலம் வாங்கிருச்சு. இப்பச் சாம்பலக் கொட்டி இன்னொண்ணு கட்டுறீங்களாக்கும்? எங்க பிள்ளைக இதுமேல போகணுமா?"

"அக்கா, வெறும் சிமென்ட்டுல கண்ணுக்குத் தெரியாத ஓட்ட நெறையா கெடக்கும். இந்தச் சாம்பல் அதை அடைக்கும். கம்பிக்குத் தண்ணி போகாதுங்க" என்றார் அம்மையார்.

"ஆலைக்காரன் வேண்டாம்னு கொட்டுனது எங்களுக்கா?"

அம்மையார் மூட்டைகளை நனையாமல் அடுக்கச் சொன்னார். வேலையை நிறுத்தவில்லை.

கான்கிரீட் போட்டாயிற்று. ஆனால் முதல் சோதனையில் எதிர்பார்த்த வலு வரவில்லை! சாம்பல் கலந்தது மெதுவாகத்தான் இறுகும். அதிலும் மார்கழிக் குளிர். கான்கிரீட் இறுகும்வரை தாங்கி நிற்கும் முட்டுப்பலகையை இப்போது பிரிக்கக் கூடாது என்றார் அம்மையார். ஒப்பந்தக்காரர் கோபித்துக்கொண்டு ஆட்களோடு இறங்கிப் போனார். ஊரில் அம்மையாருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. ஓடைக்கரைத் தகரக் கொட்டகையில் தனியாகத் தங்கினார். உறைபனி படியாமல் பாலத்துக்கு வைக்கோல் போர்த்தினார். சாக்குகளை நனைத்து நனைத்துப் பரப்பினார். வாரத்தில் ஒரு நாள் நான் மேலே போவேன். பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நான் கிளம்பும்வரை பேசிக்கொண்டே இருப்பார். பேருந்து திரும்பும் வளைவில் இருந்து பார்த்தால், அவ்வளவு பெரிய மலைச்சரிவில் அவர் ஒருவர் மட்டும் நிற்பது தெரியும்.

மறுபடி சோதித்தபோது கேட்ட வலுவுக்கு மேலேயே வந்தது. பாலம் திறந்தது. சின்னத்தாயி மட்டும் அதில் ஏறவில்லை. ஓடையில் இறங்கியே அக்கரை போனார். அவர் மனம் மாறுவதற்குள் அம்மையாருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ஒரு ஐப்பசி மழையில் சின்னத்தாயியின் மகள் மகாதேவிக்குப் பேறுகால வலி வந்தது. ஓடையில் கரைபுரண்ட வெள்ளம். மகளோடு ஜீப்பில் ஏறி, அந்தப் பாலத்தின் மேல்தான் அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

சென்ற ஆண்டு பாலத்தின் ஓரத்தைக் கொஞ்சம் செதுக்கிச் சோதித்தார்கள். ஓய்வு பெற்றிருந்த அம்மையார் தானாகவே போய்ப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"கந்தவேல் சார், கம்பி கட்டுன அன்னைக்கு இருந்த மாதிரியே கெடக்குங்க! துருவே இல்ல."

வாழ்த்தினேன். பிறகு, "சொல்றதுக்கு வேற ஆளு இல்ல சார், அதான் உங்களக் கூப்பிட்டேன்" என்றார்.

இன்று காலை வாசலில் சின்னத்தாயி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு இருந்தேன் சார். இப்படி வெரசாப் போயிட்டாங்களே!" என்றார். அந்த ஒரு வார்த்தையை அம்மையார் காதில் யார் போய்ச் சொல்வது? என் சந்தேகங்களை இனி நான் யாரிடம் கேட்பது?

அன்பர்களே! இந்த மலையில் இன்னும் எத்தனையோ பாலங்கள் உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. பெரும்பாறைச் சிறுபாலத்துக்கு அம்மையார் வகுத்துக் கொடுத்த கலவையிலேயே வரும் திங்கட்கிழமை கான்கிரீட் போடுகிறோம். முதல் சோதனையில் வலு குறைந்தால் பயப்பட மாட்டோம். யார் அவசரப்படுத்தினாலும் முட்டுப்பலகையைப் பிரிக்க மாட்டோம். இது இந்தச் சபையில் நான் கொடுக்கும் வாக்கு. இறுக நாளாகும். அதுவரை நான் அங்கேதான் இருப்பேன். முடிந்தவர்கள் வாருங்கள்.