மாடி அறைக்கு இழுத்த ஒயர்

என் பெயர் லலிதாம்பாள். வயது 54. கணவர் பெயர் ஜனகராஜ், காலமாகிவிட்டார். மதுரை தெற்குவாசல் அருகே சந்துக்குள் உள்ள சொந்த வீட்டில் என் ஒரே மகன் ராஜேஷ்குமாருடன் வசித்து வருகிறேன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிர மொழி. தமிழ் நன்றாகப் பேசுவேன், படிப்பேன். வீட்டில் பேசிக்கொண்டதைத் தமிழில் சொல்கிறேன். யாரும் அழைக்காமல் நானாகவே இன்று 20.11.2006 திங்கட்கிழமை காலை காவல் நிலையம் வந்தேன்.

என் மகன் பதினொரு மாதம் வேலையில்லாமல் இருந்தான். அதன் பிறகு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டைப் செய்து கொடுக்கும் வேலை ஒன்று வருவதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கம்பெனியில் இருந்து இன்டர்நெட் லைனைச் சோதித்துப் பார்ப்பார்கள், லைன் இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொன்னான். போன் கீழே ஹாலில் இருந்தது. கம்ப்யூட்டர் மாடி அறையில் இருந்தது. அந்த அறையில் லைட், ஃபேன் தவிர பிளக் பாயிண்ட் கிடையாது.

13ஆம் தேதி திங்கட்கிழமை வயர்மேன் பேச்சிமுத்துவை வரவழைத்தோம். பேரையூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் சந்தில் பல வீடுகளுக்கு வேலை செய்பவர். அவர் போன் லைனை மாடி வரை இழுத்து, மோடம் வைக்கும் இடத்தில் பெட்டியும் பொருத்திக் கொடுத்தார். அதன் பிறகு பிளக் பாயிண்டுக்காகச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தினார். “தம்பி, மழைக்குச் சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கெடக்கு. எர்த்தும் இல்ல. இதுல பாயிண்ட் அடிச்சா ஆளத் தூக்கிரும். புதன்கெழம எர்த் பைப்போட வாரேன், அதுவரைக்கும் நீங்களா எதையும் இழுத்துறாதீக” என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மதியம் என் மகன் கீழே குளியலறையில் ஹீட்டருக்கு உள்ள பாயிண்டில் இருந்து ஒயர் எடுத்து, ஜன்னல் வழியாக மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான். நீளம் பற்றாததால் இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டு டேப் சுற்றினான். துணி காயப்போடும் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கட்டி, அறைக்குள் இழுத்தான். “அந்த ஆள் வேணாம்னு சொன்னாரே” என்று கேட்டேன். “இன்னைக்கு ஒரு நாள்தானேம்மா, நாளைக்குக் கழட்டிடலாம்” என்றான். அவன் ஏறி நின்ற ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் லைன் வந்து, வேலையும் கிடைத்துவிட்டது. கீழே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

என் கணவர் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவர். அன்று கடையிலிருந்து வந்ததும் மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். கம்பியில் ஒயர் இருப்பதைச் சொல்லவில்லை. சந்தோஷத்தில் தோன்றவில்லை.

இரவு தூறல் இருந்தது. புதன்கிழமை காலை ஆறரை மணிக்கு அவர் குளித்துவிட்டு, துவைத்த வேட்டியைப் போட மாடிக்குப் போனார். நான் அடுப்படியில் இருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு ஏறிப் போனேன். கம்பியைப் பிடித்தபடி கிடந்தார். கத்தினேன். மகன் ஓடிப்போய் மெயினை அணைத்தான். ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொன்னார்கள்.

அங்கிருந்து என் மகன் மட்டும் முதலில் வீட்டுக்கு வந்திருக்கிறான். நான் வந்து பார்த்தபோது கம்பியில் ஒயர் இல்லை. ஒன்பதரை மணி அளவில் பேச்சிமுத்து தோளில் எர்த் பைப்பும் கையில் சாமான் பையுமாக, சொன்னபடி வேலைக்கு வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்து, “என்னம்மா, யாருக்கு என்ன?” என்று என்னிடம்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் என் மகன், “இவன் செஞ்ச வேலைதான் எங்கப்பாவைக் கொன்னுருச்சு” என்று சொல்லிவிட்டான். சிலர் அவரை அடித்தார்கள். நான் வாய் திறக்கவில்லை.

அதன் பிறகு போலீசார் அவரை விசாரணைக்கு அழைத்துப் போனார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி தங்கப்பொண்ணு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாசலுக்கு வெளியிலேயே நின்று, “அவுக சாமான் பை இங்கயே கெடக்குன்னாக. எடுத்துத் தாங்கம்மா, போயிர்றேன்” என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து மகனிடம் உண்மையைச் சொல்லிவிடு என்று கேட்டு வந்தேன். “அந்த வயர்மேனுக்காக யார் வந்து கேட்கப்போறாங்க?” என்றான். இன்று காலை நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். “அப்பாவும் போயாச்சு. என்னையும் அனுப்பிட்டு நீ யாரோட இருப்ப?” என்று கேட்டான். பரணில் சாக்குக்குள் அவன் சுருட்டி வைத்திருந்த ஒயரை எடுத்துவந்து ஒப்படைத்திருக்கிறேன். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. பேச்சிமுத்து மீது எந்தத் தவறும் இல்லை.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் ஸ்டூலைப் பிடித்த இடத்தில் ‘விவரம் தெரியாமல்’ என்று சேர்த்து எழுதியிருந்தது. எனக்கு விவரம் தெரியும், அதை அடித்துவிடுங்கள் என்று கேட்டேன். அடித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததுதான்.

(ஒப்பம்) ஜ. லலிதாம்பாள்