என் பேர்ல எவனோ

இல்ல தம்பி, பாஸ்வேர்டு திருடு போகலை. நீங்களும் மொதல்ல அதையே கேக்காதீங்க, எரிச்சலா வருது. மாத்திப் பார்த்தாச்சு. அப்பவும் வந்து கொட்டுது. இந்தா, பாருங்க. உங்க மெயில் போய்ச் சேரலை, உங்க மெயில் போய்ச் சேரலைன்னு கீழ போகப் போக அதேதான். நான் அனுப்பினாத்தானே போய்ச் சேர!

ஆமா, கடை மெயில் விலாசம்தான். என் பேரைத்தானே கடைக்கே வச்சிருக்கேன். எவனோ ஒரு பொறுக்கி, அனுப்புறவங்க பேர் போடற எடத்துல என் விலாசத்தைப் போட்டு ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்புறான். அதுல போய்ச் சேராததெல்லாம் என் தலையில வந்து விழுது. உங்களுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் பார்த்த ஆளு, வர வர அழிச்சுக்கிட்டே இருங்க மேடம்ங்கிறான். நான் திரைச்சீலை தைக்கிறதா, குப்பை அள்றதா?

உள்ள என்ன எழுதியிருக்கு, பார்த்தீங்களா? ஐயோ, சத்தமாப் படிக்காதீங்க. தனியா இருக்கேன், பேச ஆள் இல்ல, போட்டோ அனுப்பட்டுமான்னு. அடியில என் பேரு. த்தூ! ஒருத்தன் கடைக்கே போன் போட்டு ரேட் கேக்கறான் தம்பி. நான் வெள்ளந்தியா, ஜன்னலுக்கா வாசலுக்கான்னு கேட்டேன். சிரிக்கிறான். வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வச்சேன். ஒரு அம்மா, தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிட்டே போயிட்டாங்க.

சரி, அவங்கல்லாம் மூணாம் மனுஷங்க. வீட்டுக்காரர்? கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் பார்த்துட்டார். உக்கார வச்சு பொறுமையா சொன்னேன். கவர் பின்னாடி யார் வேணா என் பேரை எழுதலாம்ங்க, தபால்காரர் என்ன கையெழுத்தா பார்க்கிறாருன்னு. எல்லாத்தையும் கேட்டுட்டு, திரும்பி வந்ததே இத்தனைன்னா, போய்ச் சேர்ந்தது எத்தனைன்னு கேட்டார். கூடவே வாழ்ந்த மனுஷன்!

முடிஞ்சுதா? ஓகோ, என் பேர்ல வர்ற மெயில் எங்க சர்வர்லேருந்து வந்தா வாங்கு, மத்ததைத் தூக்கி எறின்னு எழுதி வச்சுட்டீங்க. அவ்வளவுதானா? எல்லா மெயில் கம்பெனிக்காரங்களும் இதை மதிக்க மாட்டாங்க, கொஞ்சம் வரத்தான் செய்யுமா? வரட்டும். இதை உங்களுக்கு முன்னாடி வந்த அந்தப் பாவி அன்னைக்கே பண்ணித் தொலைச்சிருக்கலாம்ல?

பார்த்து, கால்ல இடிச்சுக்காதீங்க. கட்டில்தான். துணி அடுக்க இல்ல தம்பி, நான்தான் படுத்துக்கிறேன். கொஞ்ச நாளா இங்க கடையிலதான்.

என்னது, நீங்க வந்து அவர்கிட்ட சொல்றீங்களா? வேணாம் தம்பி. நம்ப மாட்டாருன்னு இல்ல. நீங்க சொன்னா உடனே நம்பிடுவார். அதான் வேணாங்கிறேன்.