அரிவாளில் ஏறிய செம்பு

பெயர்: அக்கம்மாள். வயது 53. கணவர் பெயர்: சின்னச்சாமி (காலமாகிவிட்டார்). முகவரி: வடக்குத் தெரு, கருக்கோடைப்பட்டி, பண்ணைப்புரம் வழி, தேனி மாவட்டம். தொழில்: திராட்சை விவசாயம். ஆலடிக் கண்மாய் பாசன சங்க உறுப்பினர். நாள்: 10.09.2024.

நான் மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். யாரும் அழைக்காமல் நானாகத்தான் காவல் நிலையம் வந்தேன். எங்கள் கண்மாயில் மூன்று வருடமாகப் பாசி. கோடையில் தண்ணீர் பச்சைக் குழம்பாகி நாறும். சொட்டுநீர்க் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். இந்த வருடம் வைகாசியில் அந்தத் தண்ணீரைக் குடித்த இரண்டு ஆடுகள் செத்தன. அதன் பின்னர் சங்கத் தலைவர் தங்கப்பாண்டியன் கல்லூரியில் பாடம் நடத்தும் பவானி என்பவரை அழைத்து வந்தார். அவர் நான்கு முறை வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போய்ச் சோதித்துவிட்டு, செய்ய வேண்டியதை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

முதலாவது, ஊர்ச் சாக்கடையும் தோட்டங்களில் வைக்கும் உரமும் கண்மாயில் சேராமல் தடுக்க வேண்டும். இரண்டாவது, தண்ணீரை வற்ற விட்டு வண்டல் அள்ள வேண்டும். மூன்றாவது, தண்ணீருக்குள் காற்று ஊதும் மெஷின் வைக்க வேண்டும். நான்காவது, வேறு வழியே இல்லையென்றால் மட்டும் மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் போடலாம். அதையும் கண்மாயில் நாலில் ஒரு பங்குக்கு மட்டும் போட்டு, பத்து நாள் பொறுத்துப் பார்த்துத்தான் அடுத்த பங்குக்குப் போட வேண்டும். பாசி மொத்தமாகச் செத்து அழுகினால் மீனுக்கு மூச்சு விடக் காற்று இருக்காது என்று வாயாலும் சொன்னார்.

அதன் பின்னர் 28.07.2024 ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் நடந்தது. முதல் வரியைப் படித்ததும் தங்கப்பாண்டியன், "கொடிக்கு உரம் வைக்காம மண்ணையா வைக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். வண்டல் அள்ளினால் ஒரு போகம் காய்ந்துவிடும் என்றார்கள். மெஷினை யார் பார்த்துக்கொள்வது என்றார்கள். துத்தம் மட்டும் திராட்சைக்கு வரும் அடிச்சாம்பல் நோய்க்கு அடிப்பதற்காக எல்லார் வீட்டிலும் மூட்டையாகக் கிடந்தது. அது எங்கள் கைக்குப் பழகிய வேலை. பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருப்பவர் முத்துவீரன். அவர் மனைவி சங்கிலியம்மாள் பண்ணைப்புரம் சந்தையில் மீன் விற்பவர். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு இல்லை. 11.08.2024 மாலை முத்துவீரன் என் வீட்டுக்கு வந்து, "மீனுக்கு ஒண்ணும் ஆயிராதுல்லக்கா?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாதுடா. கொடியில அடிச்சிட்டு அந்தப் பழத்த நாமளே திங்கலயா?" என்றேன். மறுநாள் தன்னுடைய பரிசலையே எங்களுக்குக் கொடுத்தார்.

12.08.2024 திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வடக்கு மூலையில் மட்டும் போடுவதாக இருந்தது. ஆனால் சங்கத்திலுள்ள பதினான்கு வீட்டுக்காரர்களும் மிச்ச மூட்டையோடு வந்து நின்றார்கள். தன் பக்கத்துத் தண்ணீர் பத்து நாள் பொறுக்கட்டும் என்று சொல்ல ஒருவருக்கும் மனசில்லை. கரையில் டிரம் வைத்து நான்தான் கரைத்தேன். கரைத்த பின்பு பழக்கத்தில் என் அரிவாளை உள்ளே முக்கி எடுத்தேன். தோட்டத்தில் துத்தத்தோடு சுண்ணாம்பு சேர்ப்போம். முக்கி எடுத்த அரிவாளில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு பத்தவில்லை, அடித்தால் இலை கருகும் என்று அர்த்தம். அன்று சுண்ணாம்பே இல்லை. அரிவாள் பிடிவரைக்கும் சிவந்து வந்தது. அந்த நிறத்தைக் கண்டால் என் தோட்டத்தில் ஒரு இலையில்கூட அதைத் தெளிக்க மாட்டேன். அன்று எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரிவாளை முந்தானையில் துடைத்துவிட்டு, "ஊத்துங்கப்பா" என்று சொன்னது நான்தான். அதன் பின்னர் மதியத்துக்குள் கண்மாய் முழுவதும் ஊற்றி முடித்தோம்.

மறுநாள் பாசி வெளுத்தது. ஊரே சந்தோஷப்பட்டது. 14.08.2024 விடிந்தபோது கட்லாவும் ரோகும் சிலேபியும் கரை முழுக்க வெள்ளை வயிற்றோடு ஒதுங்கிக் கிடந்தன. விரால் மட்டும் சில வாயைத் திறந்து திறந்து மூடின. முத்துவீரன் பரிசலில் உட்கார்ந்திருந்தார், துடுப்பு போடவில்லை. என்னை ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் புகார் கொடுத்த பின்னர், பவானி மேடம் சொன்னபடியேதான் செய்தோம் என்று சங்கத்தின் பெயரில் ஒரு மனு எழுதிக் கல்லூரிக்கும் அனுப்பினார்கள். அதில் நான்காவது கையெழுத்து என்னுடையது. அது பொய். அந்த மனுவால் விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று கல்லூரியில் அவரை நிறுத்திவிட்டார்கள். நான்கு நாளைக்கு முன்பு அவருக்குப் போன் செய்து, நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "விடுங்கம்மா, அந்த வேலைக்கு வேற ஆள் போட்டாச்சு. தண்ணி இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "மூணே வாரத்துல பழையபடி பச்சையாயிருச்சு மேடம், முன்ன விடக் கெட்டியா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அவர் எழுதிய தாளையும் அந்த அரிவாளையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். தாளில் நான்காவது வரிக்கு மட்டும் கோடு போட்டிருக்கிறது. அது கூட்டத்தன்று நாங்கள் போட்டது. முதல் வரியில் உள்ளதை இதுவரை யாராவது செய்தீர்களா என்று கேட்டதற்கு, இல்லை. கொடியைக் கவாத்து வெட்டி முடித்து, போன வியாழக்கிழமை நானும் செடிக்குச் செடி டிஏபி உரம் வைத்தேன். வைக்காவிட்டால் காய் பிடிக்காது. வெள்ளிக்கிழமை நல்ல மழை. என் தோட்டத்துத் தண்ணீர் கண்மாய்க்குத்தான் போகும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதைப் படித்துக் காட்டினார்கள், சரியாக இருக்கிறது. போன மனுவில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இதில் கேட்டுவிட்டுப் போடுகிறேன். எல்லாம் உண்மை.

(ஒப்பம்) சி. அக்கம்மாள்