தாங்கும் லா

ப்ராசசர் பற்றி என்னிடம் பேச்சை எடுக்காதீர்கள் என்று வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி வைஷாலி முன்கூட்டியே சொல்லிவிடுவாள். எடுத்தால் நான் லேசில் விடமாட்டேன். சுந்தரேசன் சார், நீங்கள் போலீஸ் அதிகாரி என்றாலும் அந்த எச்சரிக்கை உங்களுக்கும் பொருந்தும். கேட்டது நீங்கள்தான்.

கணினிக்கு மூளையாக இருக்கும் அந்தச் சின்ன சிப்பை வாங்கிச் சோதித்து, யூடியூபில் தமிழில் தீர்ப்புச் சொல்வது என் வேலை. புதுப் பெட்டி வந்தால் இன்னமும் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுப் பிரிக்க ஓடுவேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஓடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்துகொண்டு ஆகா ஓகோ என்பார்கள். கரண்டு பில்லுக்குப் பயந்து ஏர்கானை அணைத்து வைத்திருக்கும் நம் வீட்டில் அதே சிப் என்ன பாடுபடும்? அதைத்தான் நான் பார்ப்பேன். ஆகவே என் தீர்ப்பு எப்போதும் ஒரே வார்த்தை. தாங்கும், இல்லையென்றால் தாங்காது. தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கூட என்னைக் கண்டால், "என்ன பிரேம், தாங்குமா லா?" என்பார். இந்த ஊர்ப் பேச்சில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வையும் சேர்த்து அந்த வார்த்தையை டீ-சட்டையில் அச்சடித்தும் விற்றோம்.

விற்றோம் என்றால் நானும் இம்ரானும். பாலிடெக்னிக் காலத்து நண்பன். நான் பேசுவேன், அவன் அளப்பான். வேகம், சூடு, கரண்டு, கடைசியில் கொடுத்த காசுக்கு எவ்வளவு வேலை செய்கிறது என்பது. அவன் எண்களை நம்பித்தான் நான் கேமரா முன்னால் வாயைத் திறப்பேன்.

இந்தப் புது சிப் விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டுவிட்டேன். மகளுக்குக் காய்ச்சல் என்று இம்ரான் வரவில்லை, நானே சோதித்தேன். எண்கள் எகிறின, சார். சோபாமேல் ஏறிக் குதித்தேன். லிட்டில் இந்தியாவில் வைத்திருந்த ரசிகர் சந்திப்பில் அன்று மாலையே மைக்கைப் பிடித்து, "தாங்கும் லா" என்றேன். கூட்டம் விசிலடித்தது. அந்த விசிலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்துவிடுகிறது, மன்னிக்கவும்.

மறுநாள் இம்ரான் வந்து என் எண்களைப் பார்த்தான்.

"டேய் பிரேம், ஏர்கான் போட்டுக்கிட்டா டெஸ்ட் பண்ண?"

"கொஞ்ச நேரம்தான்டா."

"அப்ப இது நம்ம டெஸ்டே இல்ல லா. போன வருஷ சிப்பே போதும், இதுக்கு இவ்ளோ வெள்ளி குடுக்கறது வேஸ்ட். வீடியோல நான் சொல்லிடறேன். தப்பா சொல்லிட்டேன்னு நீயே சொன்னா இன்னும் நல்லது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான், அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. டீ-சட்டை போட்டுக்கொண்டு விசிலடித்தவர்களிடம் போய் நான் எப்படித் தாங்காது என்று சொல்வது?

சரி, இதைவிடக் கடுமையாக ஒரு சோதனை வைப்போம் என்றேன். வைஷாலி புக்கிட் மேராவில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் வீடு குவீன்ஸ்டவுனில், புது பிளாக். போர் வந்தால் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கட்டித் தருகிறார்களே, அந்த பாம் ஷெல்ட்டரில் எங்கள் அரிசி மூட்டையும் சூட்கேசும்தான் ஒளிந்திருந்தன. அவற்றை வெளியே எடுத்துவிட்டு மூன்று கணினிகளை உள்ளே முழு வேகத்தில் ஓடவிட்டு, வீடியோவுக்காக ஒரு கேமராவையும் வைத்தோம். காற்றுத் துளைகளைத் தகடு வைத்து மூடினேன். காற்று வந்தால் சோதனை சுத்தமாக இருக்காது. இம்ரான் வெப்பமானியைச் சரிபார்க்க உள்ளே போனான். இரும்புக் கதவைச் சாத்தினேன். திறந்திருந்தால் சூடு வெளியேறிவிடும், இல்லையா? பிறகு ஷூ அலமாரியை இழுத்துக் கதவோடு ஒட்டி வைத்தேன், கதவு ஆடக்கூடாது பாருங்கள். அவன் ஃபோன் வெளியே மேசைமேல் இருந்தது. எடுத்துக் கொடுக்கத் தோன்றவில்லை.

ஹாலில் இருந்த திரையில் சிப்பின் வேகமும் சூடும் கோடுகளாகத் தெரிந்தன. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தப்பித்துவிடும், அவ்வளவு புத்திசாலி. இது குறைக்கவே இல்லை. ஒருமுறை, சரி, இரண்டு மூன்று முறை வேகக் கோடு சரிந்தது. அதெல்லாம் கணக்கில் வராது. நான் ஹாலில் தனியாக ஆடினேன், சார். டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஆடினேன். உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் வந்தது. இம்ரான் ஏதோ சொன்னான், "தாங்காது" என்று என் காதில் விழுந்தது. இன்னமும் அதே பிடிவாதம். தாங்குவதை அவனே இருந்து பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவன் மனைவி ஆஸ்மா என்னை ஃபோனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவரு ஃபோன எடுக்கவே மாட்டேங்கிறாரு. பாப்பாவுக்கு மருந்து வாங்கிட்டு வரச் சொல்லணும்."

"டெஸ்ட் ஓடுதும்மா. முடிஞ்சதும் பேசச் சொல்றேன்."

அப்போது தட்டும் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தபோது மூன்று கணினிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இம்ரான் கதவோரமாக உட்கார்ந்த நிலையில் இருந்தான், மூச்சு இல்லை. முதலில் வீடியோவை வெட்டி ஒட்டி ஏற்றினேன், அப்புறம் ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். அந்த வரிசை தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

உள்ளே இருந்த கேமராவில் பதிவான அவன் குரலை எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். "பிரேம், தாங்க முடியலடா." நீங்களும் தமிழர். தாங்காது என்றால் அது சிப்பைப் பற்றிய பேச்சு. தாங்க முடியல என்றால் ஒரு மனிதன் தன்னைச் சொல்கிறான். கதவு கனம், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் முதலில் சொன்னேன். அப்படியானால் வீடியோவில் அந்த இடத்தை மட்டும் ஏன் வெட்டினாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி.

கேட்டது, சார். முதல் தடவையே தெளிவாகக் கேட்டது. அவன் வெளியே வரக்கூடாது என்றுதான் ஷூ அலமாரியை இழுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கூடவே இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: சிப் தாங்கியது.