ஏழாவது வெர்ஷனைத் திறந்தது குறித்து

என் பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதிக் கொடுத்துள்ளேன். வயது நாற்பத்தொன்று. கணவருடனும் மாமியாருடனும் வசிக்கிறேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் தனியார் மருத்துவமனையில் ஒன்பது வருடமாகக் கணினிகளைப் பராமரிக்கும் வேலை பார்த்து வருகிறேன். இந்தக் காவல் நிலையத்துக்கு வந்த புகாரில் சொல்லப்பட்ட காரியத்தைச் செய்தது நான்தான். யாரும் உடந்தை இல்லை.

எந்த நோயாளிக்கு உடலில் எந்த இடத்தில், எவ்வளவு கதிர் போயிருக்கிறது என்ற பதிவு முழுவதும் ஒரே சர்வரில் இருந்தது. அதைத் தினமும் நகலெடுக்க ஒரு பேக்கப் சாப்ட்வேர் இருந்தது. ஏழாவது வெர்ஷன், ஆயுள் முழுவதற்கும் லைசென்ஸ் என்று சொல்லி விற்றது. வெள்ளிக்கிழமைதோறும் திரையில் பச்சை டிக் வந்திருப்பதைப் பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவேன். நகலைத் திறந்து பார்த்ததே இல்லை. வேறு கணினியில் திறந்து சோதித்தால் லைசென்ஸில் உள்ள மூன்று வாய்ப்புகளில் ஒன்று செலவாகிவிடும் என்பதால், ஆபத்துக்கு உதவட்டும் என்று மூன்றையும் தொடாமல் வைத்திருந்தோம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே ஆறு வருடம் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

புது வெர்ஷன் வாங்கச் சொல்லி மேனேஜரிடம் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். எதைக் கேட்டாலும் ஒரே பதில் வருவதால் எங்களிடையே அவருக்குப் ‘பார்க்கலாம் சார்’ என்று பெயர். “ஓடுதுல்லம்மா? ஓடுற வரைக்கும் ஓடட்டும், பார்க்கலாம்” என்றார்.

சென்ற வாரம் திங்கட்கிழமை காலை சர்வர் உயிரை விட்டது. அன்று பெஞ்சில் காத்திருந்தவர்களில் பள்ளி வேன் ஓட்டும் டிரைவர் ஒருவரும் இருந்தார். தொண்டையில் கட்டி. முப்பது சிட்டிங்கில் பத்தொன்பது முடிந்திருந்தது. பழைய பதிவு இல்லாமல் தொடர்ந்தால், கூடினால் தொண்டை வெந்துவிடும், குறைந்தால் கட்டி மீண்டும் வளரும், நாள் தள்ளிப்போவதும் ஆபத்து என்று டாக்டர் என்னிடம் சொன்னார். டிரைவருக்குப் பேச்சு வராததால் கதிர் வைப்பது பற்றி அவர் மனைவிதான் கேட்டார். “இன்னைக்கு கரண்ட் வைக்க மாட்டாங்களாக்கா? நாளைக்காவது வைப்பாங்களா?” நாளைக்கு என்று சொன்னேன்.

அதன் பின்னர் புது சர்வரில் நகலைத் திறக்க முயன்றேன். லைசென்ஸை, சாப்ட்வேரை விற்ற கம்பெனியின் தளத்தில் உறுதி செய்யச் சொன்னது. அந்தத் தளத்தை எட்டு மாதத்துக்கு முன்பே மூடியிருந்தார்கள். அதன் பின்னர் கம்பெனியின் சப்போர்ட்டுக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் இசை கேட்டேன். அதன் பின்னர் ஒருவர் வந்தார். “ஏழாவது வெர்ஷனோட ஆயுசு முடிஞ்சிடுச்சு மேடம்” என்றார். நாங்கள் நோயாளியிடம்கூட அந்தச் சொல்லை அப்படி வாய் கூசாமல் சொல்வதில்லை. இப்போது விற்கும் பதினொன்றாவதை வாங்கினால் திறக்குமா என்று கேட்டேன். அது ஒன்பதுக்குக் கீழ் எதையும் படிக்காது, முதலில் ஒன்பதுக்கு மாற்ற வேண்டும் என்றார். சரி, ஒன்பதைக் கொடுங்கள் என்றேன். ஒன்பதை விற்பதை நிறுத்திவிட்டோம் என்றார். “உங்க ஃபைல் எல்லாம் சேஃபாதான் இருக்கு மேடம், திறக்கத்தான் முடியாது. வேற ஏதாவது உதவி வேணுமா?” என்று கேட்டார். போனை வைத்துவிட்டுப் போய் வாய் கொப்பளித்தேன்.

செவ்வாயும் புதனும் இப்படியே மன்றாடியதில் போயின. வியாழக்கிழமை காலை, இணையத்தில் கிடைத்த, பூட்டை உடைக்கும் புரோகிராம் ஒன்றைத் தனிக் கணினியில் போட்டு லைசென்ஸ் கேட்கும் இடத்தைத் தாண்டினேன். பதினொரு நிமிடம் ஆனது. பதிவுகள் எல்லாம் ஒன்று விடாமல் இருந்தன. அவற்றைப் புது சர்வரில் ஏற்றினேன். டாக்டர் சரிபார்த்த பின், அன்று பிற்பகல் டிரைவருக்கு இருபதாவது சிட்டிங் நடந்தது.

அதன் பின்னர் மேனேஜர் பதினொன்றாவது வெர்ஷனை விலை குறைத்து வாங்கும் ஆசையில் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, பழையதை நாங்களே திறந்துகொண்டோம் என்று பேரம் பேசப் போய், நான் செய்ததை அதில் அவரே சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பதில் வந்தது. மூன்று வருடத்துக்குப் புது வெர்ஷன் வாங்க வேண்டும், சட்டவிரோதமாகத் திறந்த தகவலை அழித்துவிட்டோம் என்று எழுதித்தர வேண்டும், இல்லையேல் புகார் என்று இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, “அழிச்சிட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா, பிரச்சினை முடிஞ்சிடும்” என்றார். டிரைவருக்கு இன்னும் எட்டு பாக்கி என்றேன். அவர் அப்போதும் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். நேரில் துப்பவில்லை, மனதுக்குள் துப்பினேன். கையெழுத்துப் போட மறுத்தேன். நேற்று கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள்.

பதிவுகள் உள்ள புது சர்வரை ஆதாரமாகக் கைப்பற்ற வேண்டும் என்று தாங்கள் சொன்னீர்கள். இன்று பத்தரை மணிக்கு டிரைவருக்கு இருபத்துநான்காவது சிட்டிங். கடைசி சிட்டிங் அடுத்த வியாழக்கிழமை. அதுவரை அந்தப் பெட்டியை எடுக்க வேண்டாம். என்னை வேண்டுமானால் இன்றே வைத்துக்கொள்ளலாம், வீட்டில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

மேலே உள்ளது என் வாயால் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், நடந்தது நடந்தபடி இருக்கிறது. முடிவில் ‘செய்ததற்கு வருந்துகிறேன்’ என்று தாங்களாகச் சேர்த்திருந்த வரியை மட்டும் அடிக்கச் சொன்னேன். அடித்த இடத்திலும் என் கையெழுத்து உள்ளது.

(ஒப்பம்)