ஊதாத விசில்

எனக்குக் குதிக்கால் வலி இருக்கிறது, பேர்பெச்சுவா. மரத்தளத்தில் வருடக்கணக்காக ஓடினால் நடுவருக்கும் வரும். ஆட்டக்காரருக்கு வலித்தால் பார்ப்பதற்கு அணியில் நீங்கள் இருக்கிறீர்கள். நடுவர் வீட்டுக்குப் போய்த் தானே ஐஸ் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குறையாகச் சொல்லவில்லை. களைத்துப்போயிருந்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் அன்று கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் சொல்ல முடிகிறது.

உலகக் கிண்ணக் காற்பந்துக்காக ஊரெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்த வருடம் அது. எங்கள் கூடைப்பந்துத் தொடரின் மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு அணிகளும் கேவலமாக ஆடின. எறிந்தது எதுவும் கூடைக்குள் விழவில்லை. ஆனால் உங்கள் பயிற்சியாளர் தொலைக்காட்சியில் வந்து, நான் விசில் ஊதி ஊதியே ஆட்டத்தைக் கொன்றுவிட்டேன் என்றார். எதிரணிக்காரரும் அதையே சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

வீட்டில் ரஞ்சினிக்கு மனம் பொறுக்கவில்லை. "ஏனப்பா உங்களுக்கு இந்த வில்லங்கம்? ஊதாமல் பேசாமல் நில்லுங்கோவன். அவையள் பட்டபாடு" என்றாள்.

மனைவி சொல்லைக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னத் தள்ளல்களை விட்டால் யாருக்கும் உறைக்காது. எம்பி எறிகிறவனுக்கு இறங்க இடம் விட வேண்டும். அவன் இறங்குகிற இடத்தில் காலை வைப்பது தவறு. அதில்தான் கால் முறியும். அதனால் வேறெதை விட்டாலும் அதை மட்டும் நான் விட்டதே இல்லை. நான்காவது ஆட்டத்தில் அதை ஊதுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முதல் தடவை உங்கள் லூக்காஸ் எதிராளியின் பாதத்தில் இறங்கித் தடுமாறினான். என்னைப் பார்த்தான். ஆடு என்று கை காட்டினேன். ஊதாதது எல்லாம் செய்யலாம் என்பதை எதிராளி உடனே புரிந்துகொண்டான். கெட்டிக்காரன். அடுத்த தடவை லூக்காஸ் என் பக்கத்தில் வந்து, "பிட்டே" என்று ஜெர்மன் மொழியில் மெதுவாகக் கெஞ்சினான். நல்ல பிள்ளை. ஒருநாளும் என்னோடு முறைத்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கை கொடுக்காமல் போனதுமில்லை. அப்போதும் ஆடு என்றே கை காட்டினேன்.

பிறகு மூன்றாம் தடவை, அவன் எம்பி மேலே இருக்கும்போதே அந்தக் கால் கீழே நுழைவதைக் கண்டேன். விசில் என் பல்லுக்கிடையில் இருந்தது. அப்போது ஊதியிருந்தாலும் முழங்கால் தப்பியிருக்காது என்பீர்கள். சரிதான். முந்தியவற்றை ஊதியிருந்தால் தப்பியிருக்கும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றேன்.

நீங்கள் ஓடிவந்து அவன் காலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தீர்கள். "அண்ணை, கண்டனீங்கள்தானே? ஏன் ஊதேல்லை?" அத்தனை சத்தத்திலும் அந்தத் தமிழ் தெளிவாகக் கேட்டது.

அவன் இனி ஆடமாட்டான் என்று பிறகு சொன்னீர்கள். கவலைதான்.

ஆனால் அன்று மண்டபம் முழுவதும் எழுந்து நின்று என்னை ஊதச் சொல்லிக் கத்தியது. தொலைக்காட்சியில் என்னைத் திட்டிய உங்கள் பயிற்சியாளர் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு நின்றார். அப்போதுதான் ஊதினேன். எல்லோரும் அடங்கினார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை.

லூக்காஸைக் கேட்டுப் பாருங்கள். அந்த விசில் சரி என்றுதான் அவனும் சொல்லுவான்.