லதீஃபா வீட்டு மதில்

லதீஃபா: கேக்காம கொள்ளாம என் மதிலுக்கு வெள்ளை அடிக்க ஆள் விட்டிருக்கியே, நீ எனக்குத் தம்பியா, இல்ல உங்க கட்சி சேவியருக்குத் தம்பியா?

அமீருதீன்: அக்கா, காலங்காத்தால தொடங்காத. எலெக்‌ஷன் வந்தா மதில் புக் பண்றது நம்ம ஊரு வழக்கந்தானே... நாம முந்தலைன்னா மத்தக் கட்சிக்காரன் எழுதிட்டுப் போயிடுவான்.

லதீஃபா: எழுதட்டும்! அவனாவது புதுசா ஒரு பொய் சொல்லுவான். அது சரி, அது என்ன திருட்டுப் பூனையாட்டம் அடுக்களை வழியா வர்ற?

அமீருதீன்: படகுத்துறையிலேருந்து குறுக்குச் சந்துல வந்தேன். அக்கா... எங்க எந்திரிக்கிற? உக்காரு.

லதீஃபா: வெளிய போய், வெள்ளை அடிக்கிற அந்த சுடலைமணியை ரெண்டு வார்த்தை கேக்கணும். பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, எங்கிட்ட ஒண்ணும் சொல்லாம...

அமீருதீன்: வேணாம், வேணாம்! பெயிண்ட் தெறிக்கும். நீ சாயா போடு, குடிச்சுக்கிட்டே பேசலாம்.

லதீஃபா: பெயிண்ட் மதிலுக்குன்னா என் மேல ஏன் தெறிக்குது? ...சரி, உக்காந்துட்டேன். இந்தத் தடவை உங்காளு எதுக்கு நிக்கிறாரு? எம்.எல்.ஏ.வா, எம்.பி.யா, இல்ல நேரா பிரதமரா?

அமீருதீன்: எம்.எல்.ஏ.தான்.

லதீஃபா: திரும்பவுமா? டில்லி போனவரு, அங்க என்ன, குளிரு ஒத்துக்கலியா?

அமீருதீன்: கிண்டல் பண்ணாத. அவரு இப்ப கட்சிக்கே அகில இந்தியச் செயலாளரு. எட்டு ஸ்டேட்டு அவரு பொறுப்பு. ஹிந்தியில ஒரு மணிநேரம் விடாம பிரசங்கம் பண்றாரு, தெரியுமா? இங்க ஜெயிச்சா மந்திரி!

லதீஃபா: அந்த ஒரு மணிநேரத்துல எங்க வீட்டு மனைக்குப் பட்டயம்னு ஒரு வார்த்தை சொன்னாரா?

அமீருதீன்: ஆ... வந்துட்டியா அதுக்கு.

லதீஃபா: வராம? முதல் தடவை நின்னப்ப, நீ இப்ப உக்காந்திருக்கிற அதே இடத்துல உக்காந்து கப்பைக் கிழங்கும் மீனும் தின்னாரா இல்லியா? "சேச்சி, நான் ஜெயிச்சா இந்தப் பதினாலு வீட்டுக்கும் பட்டயம், அப்புறம் ஒருத்தனும் உங்களை இறக்கிவிட முடியாது"ன்னாரு. ஜெயிச்சாரு. போய்க் கேட்டா, "இது சென்ட்ரல் கவர்மெண்ட் பூமி சேச்சி, டில்லியிலதான் கேக்கணும்"னாரு.

அமீருதீன்: அது உள்ளதுதானே...

லதீஃபா: உள்ளதுன்னு நானும் பத்து வருஷம் நம்புனேன்டா! சரி, ஆளையே டில்லிக்கு அனுப்பிடலாம்னு வீடு வீடா ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டேன். முட்டி போச்சு எனக்கு. எம்.பி. ஆனாரு. அப்புறம் என்ன சொன்னாரு? நீயும்தானே பக்கத்துல நின்ன, உன் வாயால சொல்லு.

அமீருதீன்: ...பட்டயம் கொடுக்கிறது ஸ்டேட்டு வேலை, எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்கன்னாரு.

லதீஃபா: ஆங்! அவரு இங்க இருந்தா அது அங்கத்த வேலை. அங்க போனா இங்கத்த வேலை. எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு...

அமீருதீன்: இந்தத் தடவை ரெண்டு பக்கமும் அவருக்குப் பிடி இருக்கு அக்கா. படச்சவன் மேல சத்தியமா...

லதீஃபா: படச்சவனை இதுல இழுக்காத. அவனுக்கு வேற வேலை இருக்கு.

அமீருதீன்: சரி, இதைக் கேளு. பத்து மணிக்கு சேவியர் சேட்டன் இங்கதான் வர்றாரு. பிரசாரம் தொடங்குறதே உன் மதில் முன்னாலதான். ராசியான மதில்னு அவரே சொன்னாரு. நீ ஒரு மாலை போட்டாப் போதும், டிவியில வரும்.

லதீஃபா: டிவிக்காரங்களும் வர்றாங்களா? நிச்சயமா?

அமீருதீன்: நாலு சேனல். ஏன்?

லதீஃபா: சும்மாதான்... நல்ல சேலை எடுத்துக் கட்டணுமில்ல.

அமீருதீன்: அப்ப சம்மதமா! என் அக்கான்னா அக்காதான். இரு, வேலை எது வரைக்கும் ஆயிருக்குன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு...

லதீஃபா: உக்காரு. கப்பை வேகுது.

அமீருதீன்: ஒரு நிமிஷம் அக்கா.

லதீஃபா: உக்காருன்னேன்! பெயிண்ட் தெறிக்கும்.

அமீருதீன்: ...நீ ஏன் கதவை மறிச்சுக்கிட்டு நிக்கிற?

லதீஃபா: நீ ஏன் இவ்வளவு நேரம் என்னை எந்திரிக்க விடல?

அமீருதீன்: நானா?

லதீஃபா: நீதான். அத்தா மவுத்தான அன்னைக்கு அதைச் சொல்ல வந்துட்டு, அரை மணிநேரம் மழையைப் பத்திப் பேசிட்டிருந்தியே... அதே மூஞ்சி.

சுடலைமணி: அக்கா! எல்லாம் முடிஞ்சுது, கடைசி வரிதான் பாக்கி. நீலம் தீந்துபோச்சு, சிவப்புல எழுதட்டுமா?

அமீருதீன்: எழுதுறியா? டேய் சுடலை, உன்னை வெள்ளை அடிக்க மட்டும்தானே சொன்னேன்! அந்தக் காகிதம் தெரியாம மேலேயே ரெண்டு கோட்டு அடின்னு...

லதீஃபா: எந்தக் காகிதம், அமீரு? வாயைத் திற.

அமீருதீன்: ...நேத்து சாயங்காலம் கவர்மெண்ட் ஆளுங்க மதில்ல ஒட்டிட்டுப் போனாங்க. பதினஞ்சு நாள்ல பதினாலு வீட்டையும் காலி பண்ணணுமாம். சேட்டனுக்கு ஃபோன் போட்டேன். "டிவி வர்றதுக்குள்ள அதை மூடு, எலெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கலாம்"னாரு. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே... இன்னைக்கு ஒரு நாள் தெரியாம இருந்துட்டுப் போகட்டும்னு... மாப்பு அக்கா. எனக்கு உன் மூஞ்சியைப் பாக்க முடியல.

லதீஃபா: என் மகளுக்குப் படிக்கத் தெரியும்டா. ஷம்னா நேத்தே வாசிச்சுக் காட்டிட்டா.

அமீருதீன்: தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரமும்... டேய் சுடலை, நீ நம்ம பார்ட்டி ஆளுடா!

சுடலைமணி: ஆளுதான் அண்ணே. ஆனா அந்தப் பதினாலுல எட்டாவது வீடு என்னுது.

அமீருதீன்: ஐயோ... மதில்ல என்னத்தை எழுதித் தொலைச்ச?

லதீஃபா: அந்த நோட்டீஸைத்தான். ஒரு எழுத்து விடாம, ரோட்டுல போற பஸ்ஸிலேருந்து பாத்தாலும் தெரியுற மாதிரி. கடைசி வரி மட்டும் என்னோடது. சுடலை, சிவப்புலயே எழுது: "சேவியர் சேட்டா, இது டில்லி வேலையா, இங்கத்த வேலையா?" பத்து மணிக்கு வந்து, நாலு டிவி முன்னாலயும் நின்னு, அவரே சத்தமா வாசிக்கட்டும். எனக்குத்தான் படிக்கத் தெரியாதே.